வெக்கை நோயும் நெகிழியும்: சென்னை, திருவள்ளூர் வட்டார மான்களின் வயிற்று நோய் வரலாறு

முன்னுரை

இந்தியாவில் மானை இறைச்சிக்காகவோ கொம்புக்காகவோ பண்ணை வைத்து வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. நியூசிலாந்தில் நிலைமை வேறு. அங்கே மான் பண்ணை ஒரு வேளாண் தொழில். பண்ணைக் குட்டிகளைக் குளிர்காலத்தில் கொல்லும் யெர்சினியா குடலழற்சிக்குத் தடுப்பூசியே உண்டு. தமிழகத்தில் மனிதரின் பொறுப்பில் வாழும் மான்கள் என்று சொல்லத்தக்கவை உயிரியல் பூங்கா, ஆளுநர் மாளிகை, கல்வி வளாகம் ஆகியவற்றின் வேலிகளுக்குள் வாழ்பவையே. அவற்றின் வயிற்று நோய்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் மாட்டு மருத்துவ வரலாற்றின் நிழலில் மறைந்து கிடக்கிறது. சென்ற நூற்றாண்டில் அசைபோடும் விலங்குகளின் குடலைத் தாக்கிய வெக்கை நோயையும், இந்நூற்றாண்டில் மான்களின் வயிற்றில் தேங்கும் நெகிழியையும் அருகருகே வைத்து, சிகிச்சை என்பது எங்கே தொடங்க வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அசைபோடும் வயிறு

புள்ளிமானின் வயிறு மாட்டின் வயிற்றைப் போலவே நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை ஒரு நொதிக்கலன். அதில் வாழும் நுண்ணுயிரிகளே புல்லையும் தழையையும் சிதைக்கின்றன. மான் அந்த நுண்ணுயிரிகளின் உழைப்பில் வாழ்கிறது. ஆகவே தீனி திடீரென மாறினால் முதலில் குலைவது அந்த நுண்ணுயிர்ச் சமநிலையே. இதைத் தமிழகக் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு தை மாதமும் காண்கின்றனர். பொங்கல் சோற்றை அளவின்றித் தின்ற மாடுகளுக்கு வயிற்றில் அமிலம் பெருகி, உப்புசமும் கழிச்சலும் கண்டு, சில வேளைகளில் இறப்பும் நேர்கிறது. அன்பினால் ஊட்டப்படும் சோறு நஞ்சாகும் இந்நிகழ்வு, பூங்கா வேலியோரம் நின்று ரொட்டியும் சாதமும் எறியும் பார்வையாளர்க்கும் பொருந்தும்.

கிண்டியில் புள்ளிமானுடன் மேயும் வெளிமான், பெயரால் மானாயினும், உயிரியல் வகைப்பாட்டில் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கொம்பு ஆண்டுதோறும் உதிர்வதில்லை. ஆயினும் வயிற்றின் அமைப்பில் இரண்டும் ஒன்றே.

வெக்கை நோய்

வெப்பத்தைக் குறிக்கும் சொல்லே இந்நோய்க்குத் தமிழில் பெயராயிற்று. கடுங்காய்ச்சல், வாயில் புண், பின்னர் நிற்காத கழிச்சல், உடல் நீர் வற்றி இறப்பு என்பது இதன் போக்கு. குடலின் உட்சவ்வை அழிக்கும் வைரசால் உண்டாகும் இந்நோய், மாட்டோடு நில்லாமல் காட்டெருமை, மான் முதலான குளம்புடைய காட்டு விலங்குகளையும் பற்றியது. மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய ஆலன் தலைமையில் அமைந்த ஆணையம் 1871இல் தன் அறிக்கையை அளித்தது. 1889இல் புனேயில் தொடங்கிய பேரரசு நுண்ணுயிரியல் ஆய்வகம் 1893இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. அங்கே 1920களில் எட்வர்ட்ஸ், வெள்ளாட்டின் உடலில் தொடர்ந்து செலுத்தி வைரசின் கடுமையைக் குறைத்து உருவாக்கிய தடுப்பு மருந்து பிற்காலத்தில் இந்தியா முழுதும் பயன்பட்டது.

சென்னை மாகாணத்தில் இப்பணிக்கு ஆள்களை உருவாக்கியது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903இல் சைதாப்பேட்டையில் தாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் தொடங்கி, 1905இல் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்தது அது. 1932இல் நிறுவப்பட்ட ஊநீர் நிலையம் பின்னர் இராணிப்பேட்டைக்குச் சென்று, மருந்து உற்பத்தி நிலையமாக வளர்ந்தது. 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. ஆனால் தடுப்பூசி மாட்டிற்கே போடப்பட்டது. காட்டிலிருந்த மானைப் பிடித்து ஊசி போட எவரும் முனையவில்லை, முனைந்திருந்தாலும் நடந்திராது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டெருமைகள் இந்நோயால் பெருமளவில் மடிந்தபோது காடும் ஊரும் ஒரே நோயைப் பகிர்ந்துகொள்வது வெளிப்படையாகியது.

இங்கே ஓர் அடிப்படை உண்மை கவனிக்கத்தக்கது. வெக்கை வைரசு பிழைத்த விலங்கின் உடலில் நிலைத்துத் தங்குவதில்லை. அது மந்தையிலிருந்து மந்தைக்குத் தாவிக்கொண்டே இருந்தால்தான் வாழும். மாட்டு மந்தைகளில் அதன் தொடர் அறுந்தால் காட்டிலும் அது தானே மறையும். கிழக்காப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் இது நிகழ்ந்தது. சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பின், 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.5 லட்சமாக இருந்த வில்டெபீஸ்டு மந்தை 1970களில் 10 லட்சத்தைத் தாண்டியது. ஒரு காட்டு விலங்கையும் தொடாமல் காட்டு விலங்குகளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை இது.

இந்தியாவில் இந்நோயின் கடைசி நிகழ்வு 1995இல் பதிவாயிற்று. அது பதிவான இடம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே அமைந்த பழைய வடார்க்காட்டுப் பகுதி. தடுப்பு மருந்து தயாரித்த இராணிப்பேட்டையும் அதே வடார்க்காட்டைச் சேர்ந்ததே என்பது தற்செயலாயினும் நினைவில் நிற்பது. உலகம் முழுதும் நோய் ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

கிண்டி: வேலியும் குப்பையும்

கிண்டிக் காடு 1910இல் 505 எக்டேர் பரப்பில் காப்புக்காடாக்கப்பட்டது. வெளிமான் 1924இல் வில்லிங்டன் பிரபுவால் கொணரப்பட்டது என்பது வழக்கமான கூற்று. புள்ளிமான் 1945க்குப் பின் வந்ததாகக் கூறுவர். 1958இல் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும், மற்றொரு பகுதி மான் பூங்காவிற்கும் சிறுவர் பூங்காவிற்கும் பிரிந்தது. நினைவு மண்டபங்களும் கல்வி நிலையங்களும் எழுந்தன. எஞ்சிய ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. காடு சுருங்கச் சுருங்க மான் மனிதக் குடியிருப்பின் ஓரத்திற்கு வந்தது. விடுதிகளும் உணவகங்களும் கழிக்கும் மீதியுணவு, நெகிழிப் பையில் கட்டி எறியப்பட்டபோது, உப்பும் எண்ணெயும் ஊறிய அப்பையையும் சேர்த்தே மான் தின்றது.

நெகிழி செரிப்பதில்லை, வெளியேறுவதும் அரிது. முதல் அறையில் சுருண்டு, நாரும் கயிறும் பின்னிய உருண்டையாகிறது. வயிறு நிறைந்த உணர்வால் மான் மேய்வதைக் குறைக்கிறது. அறைகளுக்கிடையிலான வழி அடைபட்டால் உப்புசமும் உண்டாகிறது. நோயின் வேகம் வெக்கைக்கு நேர்மாறானது. வெக்கை சில நாள்களில் கொன்றது. நெகிழி மாதக்கணக்கில் மெலியவைத்துக் கொல்கிறது. ஆகையால் மந்தையை எண்ணும் காவலர் கண்ணுக்கு அது நோயாகவே தோன்றுவதில்லை.

சிகிச்சையின் எல்லை

மாட்டிற்கு இதே நிலை வந்தால் விலாப்புறம் கிழித்து முதல் அறையைத் திறந்து நெகிழியை அகற்றுவது கால்நடை மருத்துவமனைகளில் நன்கு பழகிய அறுவை. மாட்டை நிற்கவைத்தே, இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து இதனைச் செய்கின்றனர். மானுக்கு இது பொருந்தாமைக்குக் காரணம் அறுவையன்று, அதற்கு முந்தைய படி. துரத்திப் பிடிக்கப்படும் மானின் தசைகள் அச்சத்தாலும் ஓட்டத்தாலும் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அது இறக்கக்கூடும். மயக்க ஊசி இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. மயங்கிச் சாயும் அசைபோடும் விலங்கின் வயிற்றுப் பொருள் மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்தும் உடன் உண்டு. மருந்தைத் தீனியில் கலந்து வைத்தால், மந்தையில் வலிய ஆணே முதலில் தின்னும். மெலிந்த மானுக்கு அது எட்டாது. நியூசிலாந்துப் பண்ணையாளர் மான்களை இருட்டறைக் கொட்டிலுக்குள் பழக்கி ஓட்டிக் கையாளுகின்றனர். தலைமுறைகளாகக் கையாளப்பட்ட பண்ணை மானுக்கு அது இயலும். கிண்டி மானுக்கு இயலாது.

இதனால் மானின் வயிற்று நோய் தமிழகத்தில் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை மேசையில் அறியப்படும் நோயாகவே இருந்துவருகிறது. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் அமைந்தது. 2018 வரை மாதவரம் திருவள்ளூர் மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. அங்குள்ள கால்நடை நலக் கல்வி மையமும் வேப்பேரிக் கல்லூரியும், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டார மாடுகளை ஆயும் அதே அறிவைக் கொண்டே மானையும் ஆய்கின்றன. மாட்டின் வயிற்று நெகிழி 2012இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்காகச் சென்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் தடை வந்தது. மாட்டு மந்தையில் தொடரை அறுத்ததால் காட்டில் வெக்கை மறைந்ததைப் போன்ற வழிதான் இது. ஆனால் வைரசுக்கு மந்தை வேண்டும். நெகிழிக்கு அது வேண்டா. தடைக்கு முன் எறியப்பட்ட பை மண்ணுள் புதைந்து, அடுத்த மழையில் மீண்டும் மேலே வருகிறது. அதன் மேல் முளைத்த புல்லை மான் மேய்கிறது.