கலேவா நகரமான கதை

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் பிரதேசத்துச் சில்செஸ்டர் என்னும் சிற்றூரை அடுத்து, ஏறக்குறைய நூறு ஏக்கர் வயல்வெளியை வளைத்துக்கொண்டு பழைய கல்மதில் ஒன்று நிற்கிறது. அதனுள்ளே இருந்த கலேவா என்ற பட்டணத்தின்மீது பிற்காலத்தவர் வேறொரு நகரத்தை எழுப்பாமையால், அட்ரெபாதியர் என்னும் கெல்டியக் குலத்தின் குடியிருப்பு ரோமானிய நகரமாக மாறிய விருத்தாந்தத்தை மண்ணடுக்குகளிலேயே வரிசையாகப் படிக்கும் பாக்கியம் சரித்திர மாணவர்களுக்குக் கிட்டியிருக்கிறது.

அந்த மாறுதலைப் படையெடுத்து வந்தவர்களின் வாள் ஒன்றே சாதித்தது என்று கருதுவது பொருந்தாது. காலியா நாட்டிலிருந்த அட்ரெபாதியர் குலத்துக்குச் சீசரால் அரசனாக்கப்பட்ட கொம்மியஸ் என்பவன், கி.மு. 55-இல் அவருடைய தூதனாகப் பிரிட்டனுக்குச் சென்றவன். பின்னர் ரோமர்கள் தன்னை வஞ்சகமாகக் கொல்ல முயன்றதனால் மனம் கொதித்து, கி.மு. 52-இல் அந்நாடு கிளர்ந்தெழுந்தபோது கலகக்காரரோடு சேர்ந்து, இனி எந்த ரோமன் முகத்திலும் விழிப்பதில்லை என்று பிரதிக்ஞை செய்து, கடைசியில் கடல் கடந்து பிரிட்டனுக்கே ஓடிவந்தான். அத்தகையவனுடைய புத்திரன் என்று தன்னைக் கூறிக்கொண்ட எப்பில்லஸ், தன் நாணயங்களில் கலேவாவின் பெயரை லத்தீன் எழுத்தில் பொறித்து, தன்னை ‘ரெக்ஸ்’ என்று லத்தீன் மொழியிலேயே ராஜாவாகப் பிரகடனம் செய்துகொண்டான் என்பது எவ்வளவு சிந்தனைக்குரிய விஷயம்! ரோமானியச் சேனை வந்து இறங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அவ்வூர்த் தெருக்கள் ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தன. அக்காலக் கிணறொன்றில் ஆலிவ் கொட்டையும் கொத்தமல்லி விதையும் கிடைத்திருக்கின்றன. அரண்மனையின் நாவும் அடுக்களையின் ருசியும் முன்பே தெற்கு நோக்கித் திரும்பிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

வெரிக்கா என்னும் அரசன் நாடிழந்து கிளாடியஸ் சக்கரவர்த்தியிடம் சரணடைந்ததும், அதையே ஒரு வியாஜமாகக் கொண்டு கி.பி. 43-இல் படைகள் வந்ததும் பலர் அறிந்தவை. நகர நிர்மாணமோ நிதானமாகவே நடைபெற்றது. ஸ்நான மண்டபம் முதலில் எழுந்தது. பின்னர் நேர்கோட்டு வீதிகளை வகுத்தபோது அம்மண்டபத்தின் முகப்பே குறுக்கே நின்றமையால் அதை இடித்து ஒதுக்கினார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் மரத்தாலும் இரண்டாம் நூற்றாண்டில் கல்லாலும் சபா மண்டபமும் சந்தைச் சதுக்கமும் அமைந்தன. அக்ரிகோலா என்ற கவர்னர் பிரிட்டானியரைக் கோயில்களும் மாளிகைகளும் கட்டத் தூண்டியதையும், அந்தச் சுகங்களை அவர்கள் நாகரிகம் என்று எண்ணி மயங்கியதையும் குறிப்பிடும் ரோமானியச் சரித்திரகாரர் டாசிட்டஸ், அவை அடிமைத்தனத்தின் அம்சங்களே என்கிறார். அவர் சொல்லில் நியாயம் உண்டு. ஆனால் அது கலேவாவின் முழுக் கதையன்று. ஏனெனில், புதிய வீதிகள் தெற்கு வடக்காக ஓட, பழைய குலத்தெருவின் சாய்ந்த திசையையே கைவிடாமல் அவற்றுக்குக் கோணலாக நின்ற வீடுகளும் அங்கே இருந்தன. அவ்வீட்டார் பல தலைமுறைகள் தங்கள் முன்னோர் வகுத்த திசையிலேயே சுவர் எழுப்பினார்கள்.

1890 முதல் 1909 வரை நடந்த அகழ்வில் கற்சுவர்களைத் தொடர்ந்து சென்று ரோமானிய நகரத்தின் முழு வரைபடத்தையும் தயாரித்தவர்கள், மரத்தாலும் மண்ணாலும் ஆன அதற்கு முந்திய ஊரைப் பெரும்பாலும் காணாமலே போனார்கள். 1997 முதல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் ஒரே ஒரு வட்டாரத்தை ஆண்டுதோறும் பொறுமையாகத் தோண்டியதனால்தான், கம்பங்கள் நட்ட குழிகளும் கிணறுகளும் பழந்தெருவின் தடமும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன.