புல்தரையும் புல்வெட்டும் பொறியும்

வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர் நிலத்தைப் புல்லுக்கே விட்டுவிட்டு, அந்தப் புல்லை ஆடு மாடுகளுக்கும் இடாமல், வாரந்தோறும் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டிவரும் வழக்கம் நேயர்களில் பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ இது கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையோடு ஒன்றிவிட்ட வழக்கம். அங்கே ஒருவர் பெரிய மனையொன்றை வாங்கிக் குடியேறினால், முதற்கோடையிலேயே அவர் முன் ஒரு கேள்வி எழுகின்றது: பின்னால் நடந்து தள்ளும் புல்வெட்டியே போதுமா, அன்றி மேலே ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டியை வாங்க வேண்டுமா? வாங்குவதானால் எப்போது வாங்குவது?

கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மக்கள் இதனை வெவ்வேறு உருவில் கேட்டு வந்திருக்கின்றனர். நிலம் எத்துணைப் பெரிது என்பது மட்டும் ஒருகாலத்திலும் இதற்கு விடை தந்ததில்லை. அவ்வேலையைச் செய்ய யார் கிடைத்தார், அவருடைய நேரத்துக்கும் உடலுழைப்புக்கும் என்ன மதிப்பு இருந்தது என்பதே விடையைத் தந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருநிலக்கிழார்கள் தம் மாளிகைகளைச் சூழப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர். ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்ற பட்டப்பெயரால் புகழ்பெற்ற லான்சலட் பிரவுன் (1716–1783) மாளிகையின் வாயிற்படி வரையில் புல்வெளியைக் கொணர்ந்து நிறுத்தினார். தொலைவிலுள்ள புல்லை ஆடுகள் மேய்ந்து குட்டையாக வைத்திருந்தன. அவை மாளிகையை அணுகாதபடி, சாளரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத அகழி ஒன்றை இடையே வெட்டிவைப்பர். அகழிக்கு இப்பாலுள்ள புல்லை மனிதர்தாம் வெட்டவேண்டும். நீண்ட கைப்பிடியும் வளைந்த அலகும் உடைய பெரிய அரிவாளை, நின்றபடியே இருகையாலும் வீசி அரிந்து செல்வர். காய்ந்த புல் அலகின் முன் மடிந்து சாயும். பனி நனைத்த புல்லோ நிமிர்ந்து நின்று வெட்டுப்படும். ஆகவே விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். வெட்டிய புல்லைப் பின்னால் வருபவர் கூட்டிப் பெருக்கி அள்ளுவர். இத்தனை ஆட்களுக்குக் கூலி கொடுக்க வல்லவரே புல்தரை வைத்திருக்க முடிந்தது. பயன் எதுவும் தராத புல்லைப் பேணுவதே செல்வத்தின் அடையாளமாயிற்று.

இந்நிலையை மாற்றியது ஒரு துணி ஆலைப் பொறி. குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகள் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றவை. நெய்த துணியின்மேல் எழும்பி நிற்கும் இழைகளை ஒரே மட்டமாகக் கத்தரிக்க அங்குள்ள ஆலைகளில் ஒரு பொறி இருந்தது. சுழலும் உருளையில் திருகுச்சுற்றாகப் பதித்த அலகுகள், அசையாத ஓர் அலகின்மேல் உராய்ந்தபடியே இழைகளைக் கத்தரித்துச் செல்லும். துணியின் இழையைக் கத்தரிப்பது தரையின் புல்லையும் கத்தரிக்கும் அன்றோ என்று அப்பகுதிப் பொறிவினைஞர் எட்வின் பட்டிங் எண்ணினார். 1830-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெராபி என்பவர் தம் வார்ப்பாலையில் அதனைச் செய்து விற்கும் பொறுப்பை ஏற்றார். பொறியின் அகலம் 19 அங்குலம். இரும்பால் ஆனது. ஒருவர் பின்னின்று தள்ளுவார். கனமாக இருந்தால் மற்றொருவர் முன்னின்று இழுப்பார். அயலார் நகைப்பார்கள் என்று அஞ்சிப் பட்டிங் இதனை இரவிலேயே சோதித்தார் என்றொரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். காப்புரிமைப் பத்திரத்தில் அவர் எழுதிவைத்த ஒரு கருத்துத்தான் நமக்கு முக்கியமானது. நாட்டுப்புறக் கனவான்கள் தாமே இதனைத் தள்ளிப் பார்த்தால் பொழுதுபோக்கும் பயனும் உடல்நலமும் பெறலாம் என்பது அக்கருத்து. கூலியாளின் வேலையை உடையவரே விரும்பிச் செய்வார் என்பதை அவர் முன்கூட்டியே கண்டுகொண்டார்.

அதே வாரத்தில், ஆகஸ்டு 28-ஆம் நாள் இரவு, கென்ட் வட்டாரத்தில் உழவுக் கூலிகள் கதிரடிக்கும் பொறி ஒன்றை உடைத்தனர். குளிர்காலத்தில் தமக்குக் கஞ்சி வார்த்த வேலையைப் பொறி பறித்துக்கொண்டது என்பது அவர்கள் முறையீடு. அந்தக் கலகம் தென் இங்கிலாந்து எங்கும் பரவியது. பட்டிங்கின் பொறியும் ஆட்களைக் குறைக்கும் பொறியே. இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவிலுள்ள விலங்குக்காட்சிச் சாலையார் அதனை வாங்கிப் பயன்படுத்தியபோது, இருவர் சேர்ந்து ஓட்டினால் அரிவாளும் துடைப்பமும் ஏந்திய ஆறு அல்லது எட்டுப் பேரின் வேலை நடைபெறுகின்றது என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் கூறினார். எஞ்சிய நால்வரோ அறுவரோ வேலை இழந்தனர் என்பதை நாமே கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொறி வந்தபின் புல்தரைகள் பெருகின, பெரிதாயின. பெரிய தரைக்குப் பெரிய பொறி வேண்டியிருந்தது. 1842-இல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் நகரத்து அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் என்பவர், மட்டக்குதிரை இழுக்கும் அகன்ற புல்வெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். குளம்புகள் புல்லில் பள்ளம் பதிக்காமல் இருக்கக் குதிரைகளுக்குத் தோற்காலணி மாட்டினர். பின்னர் நீராவியும் வந்தது. 1893-இல் லேலண்டு ஊரினரான ஜேம்ஸ் சம்னர் நீராவிப் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கொதிகலம் சூடேறும் வரையில் காத்திருக்கவேண்டும். பொறியின் பளுவோ தரையையே அழுத்திவிடும். 1902-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் குழுமத்தார் பெட்ரோலால் இயங்கும் புல்வெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் வெட்டும் அகலம் 42 அங்குலம். ஓட்டுபவர் அதன்மீதே அமர்ந்து செல்லலாம். புல்வெட்டும் மனிதர் நடப்பதை விட்டு அமர்ந்த காலம் அங்கே தொடங்கியது எனலாம். எனினும் அது வீட்டுக்காரர் வாங்கும் பொருளன்று. விளையாட்டு மைதானங்களும் பொதுப் பூங்காக்களும் பெருமாளிகைகளுமே அதனை வாங்கின.

பொறி இருந்தும் ஆள் இல்லாத காலம் ஒன்று வந்தது. முதல் உலகப் போரின்போது, 1918-இல், அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்தரையில் ஆடுகளை மேயவிட்டார். தோட்டத்தில் உழைத்தவர்களைப் போர்ப் பணிக்கு விடுவிக்கவே இவ்வேற்பாடு. அவ்வாடுகளின் உரோமத்தை ஏலம்விட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50,000 டாலருக்கு மேல் சேர்த்தனர். பிரவுனின் ஆடுகள் அகழியைத் தாண்டி வந்துவிட்டன என்று சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்க நாட்டுப் புல்தரைக்கும் இங்கிலாந்தின் புல்தரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் வேலியும் மதிலும் புல்லை மறைக்கும். அமெரிக்கப் புறநகரிலோ வீட்டின் முன்புறம் திறந்து கிடக்கும்; ஒருவர் வெட்டாமல் விட்டால் தெருவே அறியும். நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் 1947 முதல் லெவிட் குடும்பத்தார் எழுப்பிய லெவிட்டவுன் நகரில் ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் உருவாயின. வீடு வாங்கியவர் கோடைப் பருவத்தில் வாரம் ஒருமுறை புல் வெட்டவேண்டும் என்பது அங்கே பத்திரத்திலேயே எழுதிய நிபந்தனை. மனையின் அளவு 60 அடிக்கு 100 அடி. அதாவது ஓர் ஏக்கரில் ஏழில் ஒரு பங்கு. அதற்குத் தள்ளு புல்வெட்டி தாராளமாகப் போதும். ஆனால் வேறு பல புறநகர்களில், ஓர் ஏக்கருக்கோ இரண்டு ஏக்கருக்கோ குறைந்த மனையில் வீடு கட்டலாகாது என்று ஊராட்சிகள் சட்டம் செய்தன. கழிவுநீர்க் குழாய் எட்டாத இடங்களில், கழிவுநீரை மண்ணில் ஊறவிடுவதற்கே பெரிய மனை தேவைப்பட்டது. வீட்டுக்காரர் வேண்டியது வீடு; உடன் வந்தது புல்.

இந்தத் தேவையை உழவுப் பொறி செய்வோர் விரைவிலேயே கண்டுகொண்டனர். பண்ணைகள் எண்ணிக்கையில் குறைந்துவந்த காலம் அது. புறநகர் மனைகளோ பெருகிவந்தன. 1960-களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் குழுமம் ‘கப் கேடட்’ என்ற சிறு டிராக்டரையும், 1963-இல் ஜான் டியர் குழுமம் ஏழு குதிரைத்திறன் கொண்ட ‘110’ என்ற டிராக்டரையும் தோட்டங்களுக்கென வெளியிட்டன. அடியிலே கிடையாகச் சுழலும் அலகு புல்லை அரியும். பண்ணையில் தந்தை ஓட்டிய டிராக்டரின் சாயலை, நகரத்தில் வேலை பார்த்த மகன் தன் வீட்டுக் கொட்டகையில் கண்டான். அந்தப் பெருமைக்காகவே வாங்கியவரும் பலர் இருந்திருப்பர்.

இனி வாங்குபவர் போடவேண்டிய கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 21 அங்குல அகலமுள்ள தள்ளு புல்வெட்டி கொண்டு அதனை வெட்டி முடிக்க, ஏறத்தாழ 4¾ மைல் நடக்கவேண்டும். வெட்டிய கோட்டின்மேல் சிறிது ஏறி வெட்டுவதையும் திரும்பும் இடங்களையும் சேர்த்தால் ஐந்து மைலைத் தாண்டும். மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நடப்பவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். 42 அங்குலப் பொறியில் அமர்ந்து மணிக்கு நான்கு மைல் வேகத்தில் செல்பவர் முக்கால் மணியில் முடித்துவிடுவார். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் முப்பது வாரம் என்று கொள்வோம். தள்ளுபவருக்கு ஆண்டுக்கு 60 மணி நேரம். அமர்ந்து ஓட்டுபவருக்கு 23 மணிக்கும் குறைவு. கால் ஏக்கர் மனையானாலோ வாரத்துக்கு மிஞ்சுவது இருபது நிமிடமே. மரத்தடியையும் வேலியோரத்தையும் எப்படியும் கையால்தான் வெட்டவேண்டும் ஆதலின், அந்த இருபது நிமிடத்திலும் சிறிது கரையும். இதனால்தான் அரை ஏக்கரை எல்லையாகக் கொள்ளுமாறு அனுபவசாலிகள் சொல்லுகின்றனர்.

ஒரு வாரம் விட்டு மறுவாரம் வெட்டினால் பாதி நேரம் மிச்சமாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் அதன் வேர் நலியும் என்பது தோட்டக்கலையோர் துணிபு. புல் தன் நாட்காட்டியைத் தானே வைத்திருக்கிறது. மழை மிகுந்த மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட்டவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரட்டிப்பு வேலை.

கணக்குக்கு அடங்காதவை சில உண்டு. முதலாவது சரிவு. பதினைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவில் இப்பொறியை ஓட்டலாகாது என்பது பொதுவான எச்சரிக்கை. தள்ளு புல்வெட்டியைச் சரிவின் குறுக்கே செலுத்தவேண்டும். கால் வழுக்கினாலும் பொறி மேலே விழாது. ஏறியோட்டும் பொறியையோ மேலும் கீழுமாகவே செலுத்தவேண்டும். குறுக்கே சென்றால் கவிழ்ந்துவிடும். இரண்டுக்கும் விதி நேர்மாறானது என்பதை அறியாமல், பழைய பழக்கத்தோடு புதிய பொறியில் ஏறுபவர் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது குழந்தைகள். அலகின் நுனி மணிக்கு 200 மைலை நெருங்கும் வேகத்தில் சுழல்கின்றது. பின்னோக்கி ஓட்டும்போது பின்னால் ஓடிவந்த குழந்தை அடிபட்ட செய்திகள் அந்நாட்டில் ஆண்டுதோறும் வருகின்றன. பதினாறு வயது நிரம்பாதவரை இதில் ஏற்றலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகின்றது. தாத்தாவின் மடியில் அமர்ந்து பேரன் புல்வெட்டும் காட்சி படத்துக்கு அழகாக இருக்கலாம். வீட்டில் ஒருநாளும் நிகழலாகாது.

மூன்றாவது, வாங்குபவரின் வயது. இதுவே எல்லாவற்றினும் பெரிது என்று எனக்குத் தோன்றுகின்றது. நாற்பது வயதில் ஐந்து மைல் நடப்பவருக்குப் பட்டிங் சொன்ன உடல்நலம் கிட்டும். எழுபதில், முழங்கால் தேய்ந்தபின், அதே ஐந்து மைல் அவரை வீட்டை விற்கச் செய்யும். மனைவி நட்ட ரோஜாவையும் மக்கள் ஆடிய ஊஞ்சலையும் விட்டுப் போக மனமில்லாதவர், பொறியின் விலையை அந்த வீட்டில் தங்கும் ஆண்டுகளின் விலையாகவே எண்ணுகிறார். 1994-இல் அயோவா மாநிலத்தின் லாரன்ஸ் என்ற சிற்றூரில் ஆல்வின் ஸ்ட்ரெயிட் என்ற 73 வயது முதியவர் இருந்தார். கண்பார்வை குன்றியதால் அவரிடம் மோட்டார் ஓட்டும் உரிமம் இல்லை. விஸ்கான்சினில் நோயுற்றிருந்த தம் அண்ணனைக் காண, 1966-இல் செய்யப்பட்ட பழைய புல்வெட்டியின் பின்னே ஒரு வண்டியைக் கட்டி, 240 மைல் தூரத்தை ஏறத்தாழ ஆறு வாரத்தில் கடந்தார். 1999-இல் இது திரைப்படமாகவும் வந்தது. புல் வெட்டும் பொறியை அவர் வேறொரு வேலைக்குப் பயன்படுத்தினார் என்றாலும், தளர்ந்த காலுக்கு அது என்னவாகின்றது என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிட்டவில்லை.

வாங்குவதென்று துணிந்தவர், கடைக்குப் போகுமுன் தம் தோட்டத்து வாயிலை அளந்து பார்ப்பது நலம். 36 அங்குல வாயிலுக்குள் 42 அங்குலப் பொறி நுழையாது. அதனை நிறுத்தக் கொட்டகை உண்டா, தரை குளிர்காலத்தில் சேறாகுமா என்பனவும் காணத் தக்கவை. இலையுதிர் காலத்தில், பருவம் முடிந்தபின், கடைக்காரர் விலையைக் குறைப்பர். அவசரமில்லாதவர் அப்போது வாங்குவர். இத்தனைக்கும் பின்னர், தள்ளு புல்வெட்டியைப்போல் பல மடங்கு விலை கொடுக்க மனம் வராவிடின், வேறொரு வழியும் உண்டு. ஏக்கரில் பாதியை வெட்டாமல் விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அரிந்துகொண்டால், அங்கே காட்டுப்பூக்கள் மலரும், தேனீக்கள் வரும். பிரிட்டனில் 2019 முதல் மே மாதம் முழுவதும் புல்லை வெட்டாது விடும் இயக்கமொன்று நடைபெற்று வருகின்றது. எஞ்சிய அரை ஏக்கருக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். கொட்டகையில் இருக்கும் பழைய பொறியே அதற்கும் போதும்.