விளக்கை எங்கே வைப்பது?

ஹனுக்காவை "யூதர்களின் தீபாவளி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த விளக்கை எங்கே வைக்கவேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதலில் கொஞ்சம் வரலாறு. கி.மு. 167 வாக்கில் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டைத் தடை செய்தான். மக்கபேயர்கள் கிளர்ந்தெழுந்து கி.மு. 164ல் எருசலேம் ஆலயத்தை மீட்டு, சுத்தம் செய்து, மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். ஹனுக்கா என்ற சொல்லுக்கே பிரதிஷ்டை என்றுதான் அர்த்தம். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை மக்கபேயர் நூல்களில் கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட தல்மூதில்தான் வருகிறது.

அதே தல்மூது பகுதியில் இன்னொரு விதியும் இருக்கு. விளக்கை வாசலுக்கு வெளியே வைக்கவேண்டும். மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைக்கலாம். ஊருக்குத் தெரியணும், அவ்வளவுதான். ஆனால் ஆபத்துக் காலம் என்றால் வீட்டுக்குள் மேஜைமேல் வைத்தாலே போதும்.

இப்போது நேராக அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போவோம். பில்லிங்ஸ் என்ற ஊர். 1993ல் ஜனத்தொகை சுமார் 80,000, அதில் யூதக் குடும்பங்கள் நூறு இருந்தால் அதிகம். அந்த வருடம் வெள்ளை இனவெறிக் கும்பல் அங்கே தலைதூக்கியது. யூதர் கல்லறைகளைக் கவிழ்த்தார்கள். ஒரு பூர்வகுடிக் குடும்பத்தின் வீட்டுச் சுவரில் ஸ்வஸ்திகாவும் வசவும் கிறுக்கினார்கள். ஊர் பெயிண்டர் சங்கத்துக்காரர்கள் திரண்டு வந்து அந்தச் சுவரைப் புதுசாக்கிக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 2 இரவு, மெனோரா படம் ஒட்டிய ஒரு ஜன்னல் வழியாக சிமென்ட் கல் பறந்து வந்து விழுந்தது. ஐந்து வயதுப் பையனின் படுக்கையறை அது. நல்லவேளை, அவன் அப்போது அறையில் இல்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அந்தப் படங்களை எடுத்துவிடச் சொன்னார். "ஏன் எடுக்கவேண்டியிருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?" இதுதான் அந்தத் தாயின் கவலை.

செய்தித்தாளில் இதைப் படித்த மார்கரெட் மெக்டொனால்ட் என்ற பெண்மணிக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. நாஜிகள் யூதர்களை மஞ்சள் நட்சத்திரம் அணியச் சொன்னபோது டென்மார்க் மன்னரே அதை அணிந்துகொண்டார் என்ற கதை. அவர் தன் தேவாலயப் போதகருக்குப் போன் போட்டார். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் மெனோரா வரைந்து வீட்டு ஜன்னல்களில் ஒட்டினார்கள். பிறகு 'பில்லிங்ஸ் கெசட்' நாளிதழ் முழுப்பக்க மெனோரா படம் அச்சிட்டது. கும்பல் சும்மா இருக்கவில்லை, படம் ஒட்டிய வேறு வீடுகளின் கண்ணாடிகளும் உடைந்தன. இது ஆபத்தில்லையா என்று கேட்டவர்களிடம், ஒட்டாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து என்றார் போலீஸ் தலைவர் வெய்ன் இன்மன். கடைசியில் சுமார் 10,000 வீடுகளில் மெனோரா ஏறியதாகக் கணக்கு. வன்முறை மெல்ல அடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த டென்மார்க் கதை நடக்கவே இல்லை! டென்மார்க்கில் மஞ்சள் நட்சத்திரம் கட்டாயமாக்கப்படவே இல்லை. ஆனால் 1943 அக்டோபரில் டேனிஷ் மக்கள் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகேற்றி ஸ்வீடனுக்குத் தப்பவைத்தது நிஜம். எண்ணெய்க் கதையும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். கதை சரித்திரமா என்பது ஒரு கேள்வி, அதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்கத்தான் வேண்டும்.

ஆபத்து வந்தால் விளக்கை உள்ளே எடுத்து வைத்துக்கொள் என்ற விதியில் எனக்கு ஒரு கருணை தெரிகிறது. பயந்தவனிடம் வீரம் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அது விளக்கு ஏற்றுகிறவருக்கான விதி. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யணும்? அதற்கு பில்லிங்ஸ் ஊர்க்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். உன் ஜன்னலில் வைக்க முடியாவிட்டால் பரவாயில்லை, எங்கள் ஜன்னலில் வைக்கிறோம்.