தோளுக்கு வரும் கணக்கு

அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டைக்குச் செல்வோரிடம் .338 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்களுக்கு மதிப்பு அதிகம். அவற்றைத் தானியங்கித் துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் பின்னுதைப்பு பெரிதும் குறைந்துவிடும் என்ற கருத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை.

1967-இல் வந்த பிரவுனிங் பி.ஏ.ஆர். துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். வெடிப்பில் எழும் வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளி, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்ததை ஏற்றுகிறது. உறுப்புகளின் இந்த ஓட்டம் உதைப்பைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புவதால், குத்து ஒன்று தள்ளலாக உணரப்படுகிறது. ஆனால், நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விலக்கில்லை. குண்டும் வாயுவும் முன்னே கொண்டுசென்ற உந்தம் அத்தனையும் தோளுக்கு வந்தே தீரும். ஒரே எடையுள்ள துப்பாக்கியில், .30-06 தோட்டாவைவிட இதன் உதைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

உதைப்புக்கு அஞ்சுபவர் விசையை இழுக்குமுன்பே தோளைச் சுருக்குவார். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். காயம்பட்ட கரடி புதருக்குள் மறையும். அதைத் தேடிப் போக வேண்டியவர் பெரும்பாலும் வழிகாட்டிதான்.

இரண்டாவது குண்டு விரைவில் கிடைக்கும் என்பது மெய். எனினும் மேலெழும்பிய குழல் மீண்டும் குறிக்கு இறங்க வேண்டுமே! பெரிய தோட்டாவில் அந்தத் தாமதமே ஆதாயத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் இயக்கமும் தடைபடலாம். கையால் இழுத்து இயக்கும் போல்ட் துப்பாக்கியில் அந்தக் கவலை குறைவு.

தோள் நலிந்தவர் தானியங்கியை நாடுவதில் நியாயமுண்டு. மற்றவர்கள், தாம் அஞ்சாமல் சுடக்கூடிய சிறிய தோட்டாவைத் தேர்வதே கரடிக்கும் வழிகாட்டிக்கும் நல்லது.