வாஷிங்டன் என்னும் குடிப்பெயர்

ஊரின் பெயர் குடியின் பெயராதல் ஆங்கிலேயரிடைப் பெருவழக்கு. இங்கிலாந்தின் வடபாலிலே, பண்டு டர்ஹாம் கோட்டத்தைச் சார்ந்திருந்த வாஷிங்டன் என்னும் ஊர் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஹார்ட்பேர்ன் என்னும் நிலத்துக்கு உரியவனாயிருந்த வில்லியம் என்பான், 12 ஆம் நூற்றாண்டிலே அந்நிலத்தை டர்ஹாம் ஆயரிடம் ஒப்புவித்து, மாற்றாக இவ்வூரைப் பெற்றான். நிலம் மாறவே பெயரும் மாறிற்று. ஆயரின் உடைமைகளைத் தொகுத்துரைக்கும் 1183 ஆம் ஆண்டின் போல்டன் ஏடு இதற்குச் சான்று பகரும்.

இக்குடியின் கிளையொன்று பிற்காலத்தில் தெற்கே பெயர்ந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் துறவியர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களைக் கவர்ந்தபோது, அவ்வாறு கவரப்பட்ட சல்கிரேவ் பண்ணையை லோரன்ஸ் வாஷிங்டன் என்பார் 1539 இல் விலைக்கு வாங்கினார். அவர் வழித்தோன்றலாகிய குரு ஒருவர், உள்நாட்டுப் போரிடையே 1643 இல் தம் திருச்சபைப் பதவியை இழந்து வறுமையுற்றார். அவர் மைந்தர் ஜோன், வேர்ஜீனியாவை 1656 அளவில் அடைந்தார். அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு இவர் பூட்டனாவார்.

ஜோர்ஜ் வாஷிங்டனுக்கோ மக்கட்பேறு இல்லை. ஆயினும் 2000 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்பிலே இப்பெயருடையோர் 163,036 பேர் காணப்பட்டனர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் கறுப்பின மக்கள்! வேறு எந்த ஆங்கிலக் குடிப்பெயரும் இத்துணை முற்றாக இனம் மாறியதாகத் தோன்றவில்லை.

இவர்களெல்லாரும் அவருடைய அடிமைகளின் வழியினர் எனக் கருதுவது பிழை. அவர் இறந்த 1799 இல் மவுண்ட் வேர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவருள் அவருக்கே உரியோர் 123 பேர் மாத்திரமே. அவர் தம் மரணசாதனத்தால் உடனே விடுதலை பெற்ற வில்லியம் லீ என்பார்தாமும் வேறு குடிப்பெயரையே தாங்கியிருந்தார். 1865 இல் அடிமைமுறை ஒழிந்த பின்னர், சட்டத்தின் முன்னே பெயரற்றுக் கிடந்த இலட்சக்கணக்கானோர் தமக்கெனப் பெயர் பதிந்துகொள்ள நேர்ந்தது. சிலர் பழைய எசமானரின் பெயரைக் கொண்டனர். சிலர் அதனை வெறுத்துத் தாமே விரும்பிய பெயரைத் தெரிந்தனர்.

புக்கர் வாஷிங்டன் இதற்குச் சிறந்த சான்று. அடிமையாய்ப் பிறந்து, 1881 இல் டஸ்கீகியில் கல்விநிலையம் நிறுவிய அவர், 1901 இல் வெளியிட்ட தன்வரலாற்றிலே இதனைக் கூறுகின்றார். பள்ளியிலே பிற மாணவர்க்கு இரு பெயருண்மை கண்டு கலங்கிய அச்சிறுவன், ஆசிரியர் முழுப்பெயரை வினவியதும், தயங்காது "புக்கர் வாஷிங்டன்" என்றானாம். தாய் முன்னரே "டாலியபெரோ" எனத் தமக்குப் பெயரிட்டிருந்ததைப் பின்னாளில் அறிந்து, அதனை இரண்டின் நடுவே சேர்த்துக்கொண்டார்.