பிறகு பூட்டிய குளிர்: பழைய கார்களின் ஏசியும் ஒரு வாயுவின் வரலாறும்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிற எவரும் ஏ40ஐயும் மண்ணெண்ணெயையும் விட்டுவிட்டு எழுதுவதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின கதை எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் இங்கே எழுத நினைப்பது அதே கார்களின் இன்னொரு கதை. இப்போது கலியாணத்துக்கு வாடகைக்குப் போகிற மொரிஸ் மைனர்கள் சிலவற்றில் ஏசி வேலை செய்கிறது. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது ஏசி இருக்கவில்லை; யாரோ பிறகு பூட்டியிருக்கிறார்கள். இந்தப் ‘பிறகு பூட்டுதல்’ எங்கே தொடங்கியது? அதற்குள் அடிக்கிற காஸ் எங்கிருந்து வந்தது? வெளியே போனால் எங்கே போகிறது?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு கொம்பிரசரும் நாலு ஹோசும்தான் என்று பார்த்தால் இது கராஜ் விசயம். ஆனால் அந்த ஹோசுக்குள் நூறு வருச வரலாறு சுற்றிக்கொண்டிருக்கிறது.

கழற்ற வேண்டிய பெல்ற்

காருக்குள் குளிரூட்டியைத் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்ற முதல் நிறுவனம் அமெரிக்காவின் பக்கார்ட். 1939 நவம்பரில் சிக்காகோ கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். விலை 274 டொலர். குளிர்விக்கும் பகுதி பின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. கொம்பிரசரை எஞ்சினிலிருந்து பிரித்துவிடக் கிளச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பொனற்றைத் திறந்து, பெல்ற்றைக் கழற்ற வேண்டும். பணக்காரரின் கார்தான், ஆனாலும் கையில் கிறீஸ் பட்டே ஆகும். சில வருசங்களில் பக்கார்ட் அதைக் கைவிட்டது. அதற்குள் உலகப் போரும் வந்துவிட்டது.

போருக்குப் பிறகு, 1953இல் கிறைஸ்லரும் ஜெனரல் மோட்டர்ஸும் தங்கள் விலை கூடிய கார்களில் ஏசியைக் கொண்டுவந்தன. அடுத்த வருசம் நாஷ் நிறுவனம் முழு அமைப்பையும் காரின் முன்பக்கத்துக்குள் அடக்கியது. நாஷ் அப்போது கெல்வினேற்றர் குளிர்சாதனப்பெட்டி செய்கிற அதே நிறுவனம். சமையலறைக் குளிர் காருக்குள் வந்தது இப்படித்தான்.

ரெக்சாஸ் பட்டறைகள்

கம்பனிகளின் வரலாறு இதோடு ஏறத்தாழ முடிந்துவிடும். ஆனால் 1950களில் சாதாரண ஆள் ஒருவர் வாங்கிய ஃபோர்ட்டிலோ செவர்லேயிலோ ஏசி வரவில்லை. அதைப் பூட்டிக் கொடுத்தவர்கள் தொழிற்சாலைக்கு வெளியே இருந்தவர்கள். அதிலும் வெயில் கடுமையான ரெக்சாஸ் மாநிலம், குறிப்பாக டல்லாஸ் நகரம், இந்தத் தொழிலின் தலைநகரம்போல இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, எஞ்சின் பக்கம் ஒரு கொம்பிரசரைப் பூட்டி, ரேடியேற்றருக்கு முன்னால் கொன்டென்சரை வைத்து ஹோசால் இணைத்துவிடுவார்கள். முன்னால் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும் என்பதால் அந்தப் பெட்டிக்குப் பட்டப்பெயரே அதை வைத்துத்தான்.

இந்தத் தொழிலில் இருந்த ஒரு நிறுவனத்தின் கதை எங்களுக்குப் பிடித்தது. டல்லாஸின் ஜோன் ஈ. மிற்செல் கம்பனி முதலில் பருத்தி சுத்தம் செய்யும் இயந்திரங்கள் செய்தது. பிறகு ‘மார்க் 4’ என்ற பெயரில் கார் ஏசி செய்தது. அதே காலத்தில் கன்சாஸில் குளிர்பானக் கடை வைத்திருந்த ஓமர் நெட்லிக் என்பவர், பாதி உறைந்த சோடாவுக்கு ஒரு இயந்திரம் செய்ய முயன்றார். அவர் அதற்கு எடுத்தது ஒரு கார் ஏசியின் பாகங்களை. அந்த இயந்திரத்தைப் பெருமளவில் செய்து கொடுத்ததும் மிற்செல் கம்பனிதான். இன்று உலகம் முழுக்கச் சிறுவர்கள் உறிஞ்சும் ஐஸ் சோடாவுக்கும் காரின் குளிருக்கும் ஒரே பட்டறை.

அதே மிற்செல் நிறுவனத்தின் கொம்பிரசர் தொழில்நுட்பத்துக்கு 1970 அளவில் ஜப்பானின் சங்கியோ நிறுவனம் உரிமம் வாங்கியது. பிறகு பெயர் மாறி ‘சண்டன்’ ஆனது இதுதான். முன்பு பயன்பட்ட யோர்க் போன்ற கொம்பிரசர்கள் இரண்டு பிஸ்டனோடு பாரமாக இருந்து எஞ்சினையே உலுக்கின. சண்டன் சிறியது, உருளை வடிவம், அதிர்வு குறைவு. இன்று உலகில் எங்கே ஒரு பழைய காருக்கு ஏசி பூட்டினாலும் சண்டனோ அதன் பிரதியோதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும்.

1969 அளவில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி இருந்தது. தொழிற்சாலைகள் முழுதாக உள்ளே வந்தபோது பட்டறைகளின் இடம் சுருங்கிவிட்டது. ஏசியைப் பொதுசனத்துக்குப் பழக்கிக் கொடுத்தவர்கள் இந்தப் பட்டறைக்காரர்கள். வரலாற்றில் பெயர் நிற்பதோ பக்கார்ட்டுக்கு.

‘பாதுகாப்பான’ வாயு

இனி உள்ளே சுற்றுகிற காஸைப் பற்றி. ஊசி போட முதல் கையில் பூசுகிற ஸ்பிரிட் ஏன் குளிர்கிறது? திரவம் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது. ஏசியும் அதே வேலைதான். ஆனால் அங்கே ஆவியானதைத் திரும்பப் பிடித்து, அமுக்கி, வெப்பத்தை வெளியே விட்டு, மறுபடி திரவமாக்கி, மறுபடி அனுப்புகிறோம்.

1920களில் குளிர்சாதனங்களில் இருந்தவை அமோனியா, சல்பர் டையொக்சைட், மெதைல் குளோரைட் போன்றவை. கசிந்தால் ஆபத்து, வீட்டுக்குள் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இதற்கு மாற்றுத் தேடியபோதுதான் தோமஸ் மிஜ்லியும் அவருடைய குழுவும் 1928இல் குளோரோபுளோரோகாபன்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1930இல் அறிவியலாளர்கள் முன்னால் மிஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுதிரி ஒன்றின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, எரியவும் மாட்டாது. ஃப்ரியோன், ஆர்-12 என்று நாங்கள் கேட்கிற பெயர்கள் இதனுடையவை. பெற்றோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டவரும் இதே மிஜ்லிதான்.

ஆர்-12 எதோடும் இலகுவில் தாக்கமடையாது. அதுதான் அதன் பெருமை, அதுவே பிரச்சினையும். 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள்: கீழே எதுவும் அழிக்காததால் இந்த வாயு மெல்ல மேலே போகும், அங்கே புறஊதாக் கதிர் அதை உடைக்கும், வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்னும். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் படை கடுமையாக மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்ரெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை. இலங்கை அதில் 1989இல் சேர்ந்தது.

அந்தக் காஸை முதலில் செய்து விற்று இலாபம் பார்த்தவர்கள் நாங்கள் இல்லை. ஆனாலும் நிறுத்தும் பொறுப்பு எல்லாருக்கும் வந்தது. மொன்றியல் அந்த வேறுபாட்டை ஓரளவு ஒத்துக்கொண்டது: வளர்ந்த நாடுகள் 1996இல் உற்பத்தியை நிறுத்த வேண்டும், எங்களைப் போன்ற நாடுகளுக்கு 2010 வரை அவகாசம், அதோடு உதவி நிதியும். அமெரிக்காவில் விலை ஏறியபோது 1990களில் மயாமி வழியாக ஆர்-12 கடத்தலே நடந்தது. பழைய காரின் குளிருக்காக ஒரு கள்ளச் சந்தை!

புது வாயு, பழைய உடம்பு

பதிலுக்கு வந்தது ஆர்-134ஏ. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் பழைய ஏசிக்குள் சும்மா அடித்துவிட்டுப் போக முடியாது. ஆர்-12 காலத்து மினரல் ஒயிலை இது தன்னோடு எடுத்துக்கொண்டு சுற்றாது. ஒயில் திரும்பி வராவிட்டால் கொம்பிரசர் இறுகிவிடும். அதனால் பீஏஜி அல்லது எஸ்ரர் ஒயில் வேண்டும். இதன் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோசுக்குள்ளால் மெல்லக் கசியும். அமுக்கமும் கூடும், ஆகவே நல்ல கொன்டென்சர் தேவை.

அடிக்கிற முறையும் மாறியது. முந்திய மெக்கானிக் ட்றையரின் கண்ணாடித் துவாரத்தைப் பார்த்து, குமிழி நிற்கும்வரை ஆர்-12ஐ விடுவார். ஆர்-134ஏயில் அதே கண்ணை நம்பினால் காஸ் கூடிவிடும். கூடினால் குளிர் குறையும். மாற்றிய அமைப்புக்குப் பழைய அளவின் 80–85 வீதம்தான் தொடக்கக் கணக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டு மீற்றரைப் பார்த்துப் பயனில்லை. 30 பாகை வெப்பத்தில் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறவரை, அரை டின் இருந்தாலும் முழு டின் இருந்தாலும் முள் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. தான் காட்டும். அமுக்கம் வெப்பத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. அதனால் தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும்.

அதற்கு முதல் வக்கியூம். பம்பைப் பூட்டி அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் உறிஞ்சினால், காற்றோடு ஈரமும் போகும். பாதரசக் கணக்கில் 29 அங்குலம் வரை இறங்கினால் தண்ணீர் 25 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். பம்பை நிறுத்தி முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. அசைந்தால் எங்கேயோ ஓட்டை. சவர்க்கார நுரையோ ஒளிரும் சாயமோ காட்டிக் கொடுக்கும். ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளிக்குத் தண்ணி இறைக்கிற கதை.

எஞ்சின் ஓடும்போது டின்னை நிமிர்த்தி வைத்து, ஆவியாகத் தாழ்பக்கத்தால் மட்டும் விட வேண்டும். உயர்பக்க வால்வைத் திறந்தால் அமுக்கம் டின்னுக்குள் திரும்பிப் பாய்ந்து வெடிக்கவும் கூடும். பிறகு இரண்டு முள்ளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இரண்டும் குறைவென்றால் காஸ் போதாது. இரண்டும் கூடவென்றால் காஸ் கூடிவிட்டது, அல்லது கொன்டென்சருக்குக் காற்றுப் போதாது. தாழ்பக்கம் கூடி உயர்பக்கம் குறைந்தால் கொம்பிரசர் களைத்துவிட்டது.

பழைய பிரித்தானியக் கார்களில் இன்னொரு தொல்லை மின்சாரம். டைனமோ மெல்ல ஓடும்போது போதிய மின்சாரம் தராது. கிளச்சும் காற்றாடியும் பற்றரியைத் தின்றுவிடும். பிந்திய மொரிஸ் மைனரின் 1098 சிசி எஞ்சினுக்கே வலு 48 குதிரைதான். அதில் சிலதைக் கொம்பிரசருக்குக் கொடுத்துவிட்டு ஏற்றம் ஏறினால் கார் மூச்சு வாங்கும். அதனால் ஒல்ரநேற்றர், மின்காற்றாடி, பெரிய ரேடியேற்றர் என்று வேலை நீளும்.

மிச்சக் கணக்கு

ஆர்-134ஏயோடு கதை முடியவில்லை. ஓசோனை விட்டது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டை விட 1,400 மடங்குக்கு மேல். ஐரோப்பாவில் 2017க்குப் பிறகு புதுக் கார்களில் அதற்கு இடமில்லை. 2016இல் கிகாலித் திருத்தம் இதே குடும்ப வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஒவ்வொரு தீர்வும் அடுத்த பிரச்சினையைப் பெற்றுவிட்டுத்தான் போயிருக்கிறது.

எங்கட நாட்டில் 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. புதிது வராதபோது பழையதைத்தான் திருத்தி ஓட வேண்டும். எங்கட மெக்கானிக்மார் தடைக் காலத்தில் கற்ற வித்தையும் அதுதான். மண்ணெண்ணெயில் ஓட்டிய திறமையை நாங்கள் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தத் திறமை அன்று எஞ்சினை ஓட வைத்தால் போதுமாக இருந்தது. இன்று அதற்கு இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது.

கராஜில் நட்டைத் தளர்த்தி மிச்சக் காஸை ‘உஸ்’ என்று வெளியே விடுவது ஒரு நிமிச வேலை. மீட்பு இயந்திரத்தில் பிடித்து வைப்பதற்கு நேரமும் காசும் வேண்டும். அந்தச் செலவை மெக்கானிக்கின் தலையில் மட்டும் கட்டிவிட்டு, அவருக்கு அறிவில்லை என்று பேசுவது நியாயமில்லை. காரில் குளிர்ந்துகொண்டு போகிறவர்கள்தான் அதைக் கேட்டு, அதற்குரிய காசையும் கொடுக்க வேண்டும். மிஜ்லி மெழுகுதிரியை அணைத்தபோது மண்டபத்தில் இருந்தவர்களுக்கு வாயு எங்கே போகிறது என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும்.