தகடு

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். இரும்பைத் தகடாக அடித்ததால் வந்த பெயர் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பழந்தமிழில் பூவின் புறவிதழும் தகடுதான். மெலிந்து தட்டையாய் இருப்பது எதுவோ அது தகடு. 1986 முதல் இயற்பியலாளர்களை அலைக்கழிக்கும் ஒரு புதிரும் அப்படியொரு தகட்டுக்குள்தான் கிடக்கிறது.

அதன் பெயர் உயர்வெப்பநிலை மீக்கடத்தல். 'மீ' அருமையான தேர்வு. 1911இல் பாதரசம் −269 டிகிரி செல்சியசில் மின்தடையை அறவே இழப்பதைக் கண்ட காமர்லிங் ஓனஸ் வைத்த பெயரில் லத்தீன் 'சுப்ரா' இருந்தது. 'மேல்' என்று பொருள். ஆங்கிலம் அதை 'சூப்பர்' ஆக்கிவிட்டது. ஜெர்மனும் பிரெஞ்சும் இன்றும் சுப்ராவை விடவில்லை. நம் 'மீ'யோ, மீமிசை என்பதில் உள்ள அதே மீ.

'உயர்வெப்பநிலை'தான் ஆளை ஏமாற்றும். 1986இல் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இயற்பியலாளர்கள் சூரிச்சில் ஒரு செப்பு ஆக்சைடில் இதைத் தொடங்கிவைத்ததும், அடுத்த ஆண்டே வேறொரு செப்பு ஆக்சைடு சுமார் −180 டிகிரியில் மீக்கடத்தியது. சித்திரை வெயிலில் நிற்கும் தருமபுரிக்காரரிடம் இதை உயர்வெப்பம் என்று சொல்லிப் பாருங்கள்!

ஏன் கடத்துகிறது? செம்பும் ஆக்சிஜனும் பின்னிய அடுக்கில் செம்புக்கு ஒன்றாக எலக்ட்ரான்கள் நிற்கின்றன. ஒன்றையொன்று கடுமையாக விலக்குவதால் எதுவும் நகர முடியாது, பொருள் மின்கடத்தாது. ஆனால் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு இணை சேர்கின்றன. சில எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் இடம் கிடைத்து அந்த இணைகள் ஓடத் தொடங்கும். 1987இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் முன்வைத்த இக்கருத்துக்குக் கணித உரு கொடுத்தவர்களில் ஒருவர், பின்னர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை.

அந்த இணைநிலைக்கு லைனஸ் பாலிங்கின் வேதியியலிலிருந்து கடன் வாங்கிய பெயரில் 'ரெசனன்ஸ்' இருக்கிறது. நம் இயற்பியல் பாடநூலில் அது ஒத்ததிர்வு, வேதியியலில் உடனிசைவு. இங்கே எதுவும் அதிரவில்லை. ஒரே பிணைப்பு பல இடங்களில் பங்குபோடப்படுகிறது. ஆகவே என் வாக்கு உடனிசைவுக்கு.

எஞ்சியது அந்த அடுக்கின் பெயர். 'தளம்' என்று எழுதுகிறார்கள். எனக்கோ உடனே வீட்டுத் தரை நினைவுக்கு வருகிறது. நான் தகடு என்றே எழுதுவேன்.